கென்யாவுக்கு டிக்கெட் வேண்டாம்!

எங்கள் தெருவில் இப்போது சின்னக் குழந்தைக்குக்கூட ஆப்பிரிக்கா அத்துபடி. மூன்றாம் வீட்டு மாமி கென்யாவுக்குப் போய் வந்ததுதான் காரணம். மாமியின் மாப்பிள்ளைக்கு நைரோபியில் உத்தியோகம். "ஒரு தடவையாவது வந்து பார்த்துவிட்டுப் போங்கள்" என்று நாலு வருஷமாகக் கூப்பிட்டுக் கொண்டிருந்தார். மாமியும் ஊறுகாய், வடாம், அப்பளக் கட்டு சகிதம் விமானம் ஏறினாள். திரும்பி வரும்போது செல்போனில் எழுநூறு படங்கள்! ஒரே நாளில் காட்டிவிட்டால் ருசி போய்விடும் என்று தினம் சாயங்காலம் ஐம்பது, அறுபதாகக் காட்டினாள். வாரப் பத்திரிகைத் தொடர்கதை தோற்றது போங்கள்!

மசாய் மாராவில் ஜீப்பின் நிழலில் வந்து படுத்துக்கொண்ட சிங்கம், குட்டியை நடுவில் விட்டுச் சுற்றிலும் காவல் நடக்கும் யானைக் கூட்டம், உச்சி மரத்து இலையை நின்ற வாக்கிலே கொறிக்கும் ஒட்டைச்சிவிங்கி எல்லாம் பார்த்தோம். ஐந்தாம் நாள் நகுரு ஏரி வந்தது. ஏரி என்னவோ கடல் மாதிரிதான் இருந்தது. பறவைகளோ கரையோரம் கொஞ்சம்தான்.

"ஒரு காலத்திலே இந்த ஏரி முழுக்க ரோஜாப்பூவைக் கொட்டிப் பரப்பினாப்போல இருக்குமாம். அத்தனையும் பூநாரையாம். இப்போ தண்ணி ஏறிப் போயிடுத்தாம். அதெல்லாம் வேறே ஏரிக்குப் போயிடுத்துன்னு டிரைவர் சொன்னார். ஏதோ என் அதிர்ஷ்டம், இத்தனையாவது கண்ணிலே பட்டுதே!" என்றாள் மாமி.

என் அண்ணா பிள்ளை காலேஜில் படிக்கிறான். பறவைப் பைத்தியம். அவன் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "மாமி, இந்தப் பெரிய பூநாரை நம்ம பள்ளிக்கரணையிலேயே நிக்கறதே! போன வாரம்கூடப் பார்த்தேன்" என்றான்.

"பள்ளிக்கரணையிலேயா? அங்கே குப்பை மேடுன்னாடா இருக்கு!" என்று மாமி சிரித்தாள்.

நேயர்களே, இருவர் சொன்னதும் வாஸ்தவம். பூநாரையும் அங்கே இருக்கிறது. குப்பை மேடும் அங்கேதான் இருக்கிறது. இரண்டும் எத்தனை நாளைக்கு ஒரே இடத்தில் குடித்தனம் செய்ய முடியும் என்பதுதான் கேள்வி. அதற்கும் நம் வீட்டுக் கொல்லைப்புறத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமைப் பிரயாணம்

தை பிறந்து இரண்டாவது ஞாயிறு. காலை ஐந்தரைக்கே காப்பியைப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு புறப்பட்டோம். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வேளச்சேரி சாலையோடு செம்பாக்கம், சந்தோஷபுரம், மேடவாக்கம் தாண்டினால் பள்ளிக்கரணை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இருக்கும். அங்கிருந்து துரைப்பாக்கம் போகும் இருநூறடிச் சாலையில் திரும்பினால் சதுப்பு நிலம் சாலையோரமாகவே வந்துவிடுகிறது. பழைய மனிதர்கள் இதைக் 'கழுவெளி' என்பார்கள். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இராது. கோரையும் சம்பும் வளர்ந்த தண்ணீர்ப் பரப்பு. பின்னால் கண்ணாடி பதித்த கம்பெனிக் கட்டடங்கள். ஒரு பக்கம் குப்பைக் குன்று.

வெளிச்சம் வரட்டும் என்று நின்றோம். முதலில், தூரத்தில் யாரோ வெள்ளைத் துணி உலர்த்தியிருப்பது போலத் தெரிந்தது. சூரியன் கொஞ்சம் மேலே வந்ததும் அந்தத் துணி இளஞ்சிவப்பாக மாறி நடக்க ஆரம்பித்தது! எண்ணத் தொடங்கி அறுபதோடு விட்டுவிட்டேன்.

பூநாரை சாப்பிடுகிற விதமே அலாதி. குச்சிக் காலில் நின்றபடி நீண்ட கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விடும். அலகின் ஓரத்தில் சல்லடை மாதிரி அமைப்பு உண்டு. நாக்கால் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளித் தள்ளி, சிறு கூனிறாலையும் பாசியையும் மட்டும் நிறுத்திக்கொள்ளும். நாம் மாவு சலிக்கிற அதே வேலை! அந்தச் சிவப்பு நிறமும் பிறவியில் வந்ததல்ல. குஞ்சு பொரிக்கும்போது சாம்பல் நிறம்தான். தின்கிற இறாலிலும் பாசியிலும் இருக்கிற சாயப் பொருள் சிறுகச் சிறுக இறகில் ஏறி, வருஷங்கள் கழித்துத்தான் அந்த அழகு வருகிறது. ஆகாரம் குறைந்தால் நிறமும் வெளுத்துவிடும்.

குஜராத்தின் கட்ச் உப்பு வெளியில்தான் நம் தேசத்துப் பூநாரைகள் பெருங் கூட்டமாகச் சேற்று மேடு கட்டி முட்டையிடும். ஒரு ஜோடிக்கு ஒரே ஒரு முட்டைதான். தாய், தகப்பன் இரண்டுமே தொண்டைப் பையில் பால் போன்ற ஒரு திரவத்தைச் சுரந்து குஞ்சுக்கு ஊட்டும். தகப்பனும் பாலூட்டுகிற குடும்பம் என்றதும் மாமி என் அகத்துக்காரரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் அவசரமாகப் பிளாஸ்க்கைத் திறந்தார்.

ஆப்பிரிக்காவிலும் இவர்களே!

அதற்குப் பிறகு அண்ணா பிள்ளை ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, மாமியும் தன் செல்போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டாள். அளவெடுத்துச் செய்தாற்போல மெல்லிய சிவப்புக் காலுடன் நடக்கும் நெடுங்கால் உள்ளான். அது கென்யாவிலும் உண்டு. வெயில் பட்டால் பச்சையும் செம்பும் மின்னும் பழுப்பு அரிவாள் மூக்கன். அதுவும் அங்கே உண்டு. அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல் விழுந்தாற்போலத் தண்ணீரில் விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்தியும், தவசி மாதிரி அசையாமல் நிற்கும் சாம்பல் நாரையும் அங்கேயும் உண்டு. கிட்டப் போனால் 'டுபுக்' கென்று முங்கி இருபதடி தள்ளித் தலை காட்டும் முக்குளிப்பானும் உண்டு. இத்தனையும் ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கிற ஒரே இனங்கள்.

நம் எல்லோருக்கும் தெரிந்த உண்ணிக்கொக்குக்குக்கூட அங்கே நெருங்கிய உறவு இருக்கிறது. அங்கே அது யானையின் காலடியில் கிளம்பும் பூச்சியைப் பொறுக்குகிறது. இங்கே எருமையின் காலடியில். எருமை கிடைக்காத நாளில் மண் தோண்டும் இயந்திரத்தின் பின்னால் போவதையும் பார்த்திருக்கிறேன்! நம் பக்கத்துக் கொக்கின் விஞ்ஞானப் பெயரில் சோழமண்டலக் கரையின் பெயர் சேர்ந்திருக்கிறது. நம் ஊர்ப் பெயரோடு உலகம் முழுவதும் அறிமுகமான கொக்கு என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

சிங்கமும் யானையும் பள்ளிக்கரணையில் கிடையாது. கண்ணாடி விரியன் உண்டு. ஆகையால் புதருக்குள் கால் வைக்காதீர்கள். ஆனால் பறவை என்று பார்த்தால் நூற்றுக்கு மேற்பட்ட இனங்களை இந்தச் சதுப்பில் கணக்கெடுத்திருக்கிறார்கள். கூழைக்கடா கப்பல் போல மிதக்கும். சங்குவளை நாரை மஞ்சள் மூக்கால் சேற்றைக் கிளறும். ஊசிவால் வாத்து வடக்கே பனி கொட்டும் தேசங்களிலிருந்து வந்து, கோடை பிறந்ததும் போய்விடும்.

குழந்தை வளர்க்கும் அப்பா

பெண்மணிகள் தவறாமல் பார்க்க வேண்டிய பறவை ஒன்று உண்டு. அதன் பெயர் நீளவால் இலைக்கோழி. தாமரைக் கோழி என்றும் சொல்வார்கள். கால் விரல்கள் விரல் நீளத்துக்கு மேல் நீளம். அந்த விரல்களைப் பரப்பி, அல்லி இலைமேல் அது மூழ்காமல் நடந்து போவதைப் பார்த்தால் கழைக்கூத்து ஞாபகம் வரும். நாங்கள் போன சமயம் அதற்கு நீள வால் இல்லை. அந்த வால் முட்டையிடும் காலத்து நகை. மற்ற மாதங்களில் கழற்றி வைத்துவிடும்.

இந்தக் குலத்தில் அம்மா முட்டையிட்டதோடு சரி. அடைகாப்பது, குஞ்சு பொரித்ததும் கூட்டிக்கொண்டு திரிவது, ஆபத்து வந்தால் சிறகுக்குள் ஒளிப்பது எல்லாம் அப்பாவின் பொறுப்பு. அம்மா அடுத்த மாப்பிள்ளையைத் தேடிப் போய்விடுவாள்! "நன்னாயிருக்கு நியாயம்!" என்று மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு வேறொன்று தோன்றியது. அந்த அப்பா மிதக்கும் இலைமேல்தான் முட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் திடீரென்று ஏறினாலும் போச்சு, வற்றினாலும் போச்சு, ஆகாயத்தாமரை மூடி அல்லி அழிந்தாலும் போச்சு. அந்தக் குடும்பத்தின் வாழ்வு முழுவதும் ஓர் இலையில் இருக்கிறது.

கழுவெளி சுருங்கிய கதை

1965-ஆம் ஆண்டு வாக்கில் எடுத்த வானப் படங்களை வைத்துக் கணக்கிட்டவர்கள், இந்தக் கழுவெளி அப்போது சுமார் 5,500 ஹெக்டேர் இருந்தது என்கிறார்கள். ஏக்கரில் சொன்னால் பதின்மூவாயிரத்துக்கும் மேல். பிறகு சாலை வந்தது, ரயில் வந்தது, கம்பெனிகள், குடியிருப்புகள் எல்லாம் வந்தன. பட்டணத்துக் குப்பையைக் கொண்டுவந்து பெருங்குடிப் பக்கம் கொட்டினார்கள். சதுப்பு என்றால் பயனில்லாத பொட்டல் என்று எல்லோருமே நினைத்த காலம் அது. கடைசியில் மிஞ்சியது சுமார் 600 ஹெக்டேர், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு.

நல்லவர்கள் பலர் ஓயாமல் குரல் கொடுத்ததன் பலனாக 2007-ல் 317 ஹெக்டேரைக் காப்புக் காடாக அறிவித்தார்கள். பின்னர் அது விரிந்தது. 2021-ல் சாலையோரமாக நடைபாதையோடு ஒரு பூங்காவும் திறந்தார்கள். 2022-ல் பெரிய கௌரவம் கிடைத்தது. ஈரான் நாட்டில் ராம்சார் என்ற ஊரில் 1971-ல் பல தேசத்தார் கூடி, உலகத்தின் முக்கியமான ஈர நிலங்களைக் காப்பாற்ற உடன்படிக்கை செய்தார்கள் அல்லவா? அந்தப் பட்டியலில் பள்ளிக்கரணையும் ஏறியது. காப்புக் காட்டோடு வெளியே உள்ள நிலத்தையும் சேர்த்துச் சுமார் 1,248 ஹெக்டேர். மாமி பார்த்துவந்த நகுரு ஏரி அதே பட்டியலில் 1990-லேயே இடம் பெற்றது. அந்த வகையில் இரண்டும் ஒரே பந்தி!

ஆனால் பட்டியலில் பெயர் ஏறினால் மட்டும் போதாது என்பதற்கும் நகுருதான் சாட்சி. அங்கே யாரும் ஏரியைத் தூர்க்கவில்லை. சென்ற பத்துப் பதினைந்து வருஷங்களில் தண்ணீர் ஏறியது. உவர்ப்பு நீர்த்துப் போயிற்று. பூநாரை தின்னும் பாசி குறைந்தது. பறவைகள் கூட்டம் கூட்டமாக வேறு ஏரிகளுக்குக் குடிபெயர்ந்தன. பூநாரைக்கு முழங்கால் ஆழத் தண்ணீர் வேண்டும். அதில் ஆகாரமும் வேண்டும். தண்ணீரின் அளவும் குணமும் கொஞ்சம் மாறினால் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடும்.

அப்படியானால் பள்ளிக்கரணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

நம் வாசலிலிருந்துதான்!

நம் பக்கத்து ஊர்களில் எங்கே திரும்பினாலும் ஓர் ஏரி இருக்கும். நம் முன்னோர் அவற்றைத் தனித்தனியாக வெட்டி வைக்கவில்லை. படிக்கட்டு மாதிரி ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்தார்கள். சிட்லபாக்கம் ஏரி நிறைந்தால் செம்பாக்கம் ஏரிக்கு. அது நிறைந்தால் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணை. அங்கே கழுவெளி பஞ்சு போல வெள்ளத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கு விட்டு, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் சேர்க்கும்.

பஞ்சைச் சின்னதாக்கிவிட்டால் மேஜைமேல் கொட்டிய காப்பி எங்கே போகும்? 2015 டிசம்பரில் அது எங்கே போயிற்று என்று வேளச்சேரிவாசிகளுக்கு நன்றாகத் தெரியும். 2023 டிசம்பர்ப் புயலிலும் பள்ளிக்கரணையில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. பாலுக்கும் குடிதண்ணீருக்கும் தவித்த வீடுகள் எத்தனை! பூநாரைக்கு இடமில்லாமல் செய்த அதே காரியம்தான் நம் கூடத்துக்குள் முழங்கால் தண்ணீரைக் கொண்டுவந்தது.

வெள்ளம் வராத மாதங்களில் வேறொன்று இறங்குகிறது. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் மலத்தொட்டி நிறைந்ததும் லாரியைக் கூப்பிடுகிறோம். எங்கள் தெருவுக்கும் ஒரு லாரி வந்தது. குழாய் போட்டு உறிஞ்சி முடித்ததும், நான் சும்மா இராமல், "எங்கேப்பா கொண்டு போய் விடுவாய்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இடம் இருக்கும்மா" என்றான் டிரைவர்.

"எந்த இடம்?"

"நம்ம இடம்தாம்மா. காசைக் கொடுங்க, நேரமாவுது."

உரிமம் பெற்ற லாரிதான் எடுக்க வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும் என்பது விதி. ராத்திரி வேளையில் கால்வாயில் திறந்துவிடுகிற லாரிக்கு விதி தெரியாமல் இல்லை, கேட்பார் இல்லை. கோடி வீட்டு அக்கா, தூத்துக்குடிக்காரி, பேச்சில் கறார். அன்று சாயங்காலமே தெருப் பெண்களைக் கூட்டி, "இனிமே லாரிக்காரன்கிட்ட உரிமத்தைப் பார்த்துத்தான் வண்டியைத் தெருவுக்குள்ள விடணும். எங்க கொட்டுறான்னு சீட்டுக் காட்டினாத்தான் ரூவா" என்று தீர்மானம் போட்டாள். அடுத்த முறை வந்த டிரைவர் முணுமுணுத்தான். ஆனால் சீட்டு வந்தது.

இது சின்ன விஷயம்தான். ஆனால் சின்ன விஷயம் பலிக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே அத்தாட்சி இருக்கிறது. வேடந்தாங்கலில் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்தார்கள். துப்பாக்கியோடு வந்தவர்கள்மேல் செங்கல்பட்டு கலெக்டரிடம் புகார் செய்து, 1798-லேயே பறவைகளைச் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டிருந்தார்கள். பறவையும் பிழைத்தது, நெல்லும் விளைந்தது. கெட்டிக்காரக் குடும்பஸ்தர்கள்!

செம்பாக்கம் ஏரியைச் சில ஆண்டுகளுக்கு முன் தூர்வாரிக் கரை பலப்படுத்திச் சீர் செய்தார்கள். பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலையை மாநகராட்சி எடுத்துக்கொண்டது. மேலே இருக்கிறவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யட்டும், கேட்டு வாங்குவோம். படிக்கட்டின் முதல் படியில் குடியிருக்கிற நாம், அழுக்கைக் கீழே தள்ளாமல் இருப்போம்.

பார்க்கப் போகிறவர்களுக்கு

மார்கழி முதல் மாசி வரை உத்தமமான காலம். தண்ணீர் வடிய வடியப் பூநாரை கூடும். காலை எட்டு மணிக்குள் பார்த்துவிட வேண்டும். வெயில் ஏறினால் கண் கூசும். வாகனத்தைச் சாலையில் நிறுத்தி மற்றவர்களுக்கு இடைஞ்சல் செய்யாதீர்கள். பளிச்சென்ற புடவையை விடக் காவியோ பச்சையோ மேல். பொரி, பிஸ்கோத்து எதுவும் போடக்கூடாது. கொண்டுபோன காகிதத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரு தூரதரிசினி இருந்தால் நாலு பேர் மாறி மாறிப் பார்க்கலாம்.

குழந்தைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தேதி போட்டு, என்ன பறவை, ஏறக்குறைய எத்தனை, தண்ணீர் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த தை மாதம் அதே இடத்தில் நின்று அதே கணக்கை எடுக்கட்டும். கூடியிருந்தால் வீட்டில் பாயசம் வையுங்கள். குறைந்திருந்தால் மாநகராட்சிக்கு ஒரு கடுதாசி போடுங்கள். எதுவானாலும் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.